கருப்புக்கு அடியில் என்ன இருக்கிறது? டோனிங் ஏறிய வெள்ளி ரூபாயின் தரம் பார்ப்பது

பழைய வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ, அரங்கு வீட்டுப் பெட்டியின் அடியிலிருந்து நாலைந்து வெள்ளி ரூபாய் கிடைப்பது திருநெல்வேலிப் பக்கத்தில் இன்றும் நடக்கிற காரியம். விக்டோரியா ராணி, கிரீடம் இல்லாத எட்வர்டு, கிரீடம் வைத்த ஜார்ஜ் என்று கலந்து கிடக்கும். எல்லாம் கருத்திருக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் யாராவது புளியும் திருநீறும் எடுத்து வந்து தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். காசு பளிச்சென்று ஆகிவிடும். அதைத் தேடி வாங்குகிறவர் அதற்குக் கொடுத்திருக்கக்கூடிய விலையில் பெரும்பகுதி அந்தப் புளித்தண்ணீரோடு போய்விடும். நகைக்கடையில் எடைக்குப் போடுவதென்றால் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் ஒரே விலைதான். சேகரிப்புக் காசாக மதிப்பிட வேண்டுமென்றால், கருப்பைத் தொடாமல் அதன் வழியாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறம் வேறு, தரம் வேறு. காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது, அச்சிலிருந்து விழுந்தபோது இருந்த மினுக்கம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் தரம். டோனிங் என்பது அதன் மேல் படர்ந்த மெல்லிய தோல். அழகான தோல் விலையைக் கூட்டும், அசிங்கமான தோல் குறைக்கும். தேய்ந்த காசை எந்த நிறமும் தேயாத காசாக ஆக்காது. புதிதாக வருகிறவர்கள் வானவில் நிறத்தைப் பார்த்ததும் தேய்மானத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளி ஏன் கருக்கிறது

காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற படலத்தை உண்டாக்குகின்றன. ஈரமும் வெப்பமும் அந்த வேலையை விரைவுபடுத்தும். நம் வீடுகளில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. அஞ்சறைப்பெட்டியில் போட்டு வைத்த காசுக்குப் பக்கத்தில் கடுகும் பெருங்காயமும் இருக்கும். இரண்டிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. தீப்பெட்டிக்குள் காசு போட்டு வைக்கும் பழக்கம் இருந்தது. தீக்குச்சி மருந்தில் கந்தகம் உண்டு. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால், ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த கந்தகம் காசின் குறுக்கே நேராக ஒரு கருப்புப் பட்டையை இழுத்துவிடும். செய்தித்தாள், பழுப்பு உறை, கம்பளித் துணி எல்லாம் இதே வேலையை மெதுவாகச் செய்யும். நேர்த்திக்கடனுக்காகத் துணியில் முடிந்து பல வருடம் கிடந்த காசில், துணியின் நெசவே நிறக்கோடாகப் பதிந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட தடத்தைத் தேய்த்து அழிப்பது பெரிய நஷ்டம்.

உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊர்களில் இருந்து வரும் காசுகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். குளோரைடு தாக்கினால் வருவது மங்கிய சாம்பல் படிவு. அதில் வண்ணம் விளையாடாது, ஒளியையும் விழுங்கிவிடும். டவுன், பாளையங்கோட்டைப் பக்கத்து வறண்ட காற்றில் மரப்பெட்டிக்குள் இருந்த காசு மெதுவாக நிறம் ஏறியிருக்கும். மெதுவாக ஏறிய நிறம்தான் பெரும்பாலும் சீராக இருக்கும்.

நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு

டோனிங்கைப் படிப்பதில் மிக முக்கியமான பாடம் இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சொட்டினால் வண்ண வளையம் தெரியும் அல்லவா? பெட்ரோலுக்கு அந்த நிறங்கள் கிடையாது. படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலப்பதால் சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் மிஞ்சுகின்றன. எந்த நிறம் மிஞ்சும் என்பதைப் படலத்தின் கனம் முடிவு செய்கிறது. வெள்ளிக் காசிலும் நடப்பது இதேதான். தொடக்க நிறங்கள் தெரியும்போது படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

கனம் கூடக் கூட நிறம் ஓர் ஒழுங்கில் மாறும். முதலில் இளமஞ்சள், பிறகு பொன்னிறம், செம்பழுப்பு, கத்தரிப்பூ ஊதா, அடர்நீலம், வெளிர்நீலம். அதற்கப்புறம் இரண்டாவது சுற்றாக மறுபடியும் மஞ்சள், செம்மை, இளஞ்சிவப்பு கலந்த ஊதா, பச்சை. கடைசியில் கருப்பு. பச்சை முதல் சுற்றில் வராது; கனமான படலத்தில்தான் வரும்.

காற்று முதலில் நுழைவது விளிம்பு வழியாக. எனவே இயற்கையாக நிறம் ஏறிய காசில் பெரும்பாலும் விளிம்பில் நீலமோ ஊதாவோ, உள்ளே போகப் போகச் செம்பழுப்பு, பொன், நடுவில் வெள்ளை என்று படிப்படியாக இறங்கும். இரண்டு நிறத்துக்கு நடுவே இருக்க வேண்டிய நிறம் காணாமல் போயிருந்தால் நின்று யோசிக்க வேண்டும். வெள்ளைத் தளத்திலிருந்து (உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்பு) ஒரே தாவலாக அடர்நீலத்துக்குப் போகும் காசு, நடுவில் பொன்னும் செம்பழுப்பும் ஒரு கோடாகக்கூட இல்லாமல் இருந்தால், அது அவசரமாக ஏற்றிய நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு அடையாளம் எழுத்தோரம். நல்ல இயற்கை டோனிங்கில் எழுத்துகளையும் தலை உருவத்தையும் ஒட்டி மயிரிழை அகலத்துக்கு நிறம் பின்வாங்கி, அடுத்த வெளிர் நிறமோ வெள்ளையோ தெரியும். செயற்கை நிறம் மேடு பள்ளம் பார்க்காமல் எழுத்தின் மேலேயே வழிந்து போகும்.

ஒரு எச்சரிக்கை: இந்த வரிசை 1940க்கு முந்தைய ரூபாய்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். அவை 12க்கு 11 பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கலும் துத்தநாகமும் ஐந்து ஐந்து. செம்பு இவ்வளவு இருப்பதால் அவை பழுப்பும் சாம்பலுமாக மந்தமாக நிறம் ஏறும். அதைப் பார்த்துக் கெட்டுப்போன காசு என்று ஒதுக்க வேண்டாம். பளீர் வானவில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

தர அளவுகோல், சுருக்கமாக

உலகம் முழுவதும் பயன்படும் 1 முதல் 70 வரையான அளவுகோலை, அமெரிக்கப் பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் அமைத்தார். 60 முதல் 70 வரை புழங்காத காசு. 50 முதல் 58 வரை ஏ.யு. (கிட்டத்தட்ட புழங்காதது): மேட்டுப் பகுதிகளில் மட்டும் லேசான உரசல். 40, 45 இ.எஃப். (மிக மிக நன்று). 20 முதல் 35 வரை வி.எஃப். (மிக நன்று). 12, 15 எஃப். (நன்று). அதற்குக் கீழே உள்ளவை நன்றாகத் தேய்ந்தவை. தேய்த்துச் சுத்தம் செய்தது, வளையம் பற்றவைத்தது, நிறம் ஏற்றியது போன்ற குறையுள்ள காசுக்குத் தர நிறுவனங்கள் எண் தராமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று போட்டுவிடும். சந்தையில் அதன் விலை அதே அளவு தேய்ந்த, குறைபாடு இல்லாத காசைவிடக் கீழேதான் நிற்கும்.

60க்கும் 70க்கும் நடுவில்தான் டோனிங்கின் அழகு எண்ணை ஒரு படி தூக்கவோ இறக்கவோ செய்யும். வி.எஃப். காசில் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வி.எஃப். தான்.

பார்க்கும் முறை

டியூப்லைட் வேண்டாம். அதன் பரந்த ஒளியில் கீறலும் தெரியாது, மினுக்கமும் தெரியாது. ஒரே புள்ளியிலிருந்து ஒளி வரும் மேசை விளக்கு வேண்டும். மஞ்சள் ஒளி பல்பு ஒன்று, காசிலிருந்து ஓரடி தூரத்தில் இருந்தால் போதும். கீழே மடித்த மெல்லிய துணி விரித்துக்கொள்ளுங்கள், கை தவறினால் காசு அதில்தான் விழ வேண்டும். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். முகத்தில் பட்ட விரல் ரேகை சில மாதத்தில் பழுப்புத் தடமாக நிரந்தரமாக நின்றுவிடும்.

முதலில் வெறும் கண்ணால். காசைச் சற்றுச் சாய்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். புழங்காத காசில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஒளிக்கற்றைகள், ஓடும் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி சுற்றும். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் வெளிப்பக்கமாக ஓடியபோது உண்டான மிக நுண்ணிய வரிகள்தான் இதற்குக் காரணம். டோனிங் இருந்தாலும் இந்தச் சக்கரம் நிறத்துக்கு அடியில் சுழல வேண்டும். நிறம் இருக்கிறது, சக்கரம் இல்லை என்றால் மூன்றில் ஒன்று: காசு தேய்ந்திருக்கிறது, அல்லது முன்பே தேய்த்து விளக்கப்பட்டுப் பிறகு மறுபடியும் கருத்திருக்கிறது, அல்லது படலம் தடித்து உலோகத்தையே அரித்துவிட்டது. இந்த மூன்றில் எது என்று பிரிப்பதுதான் டோனிங் காசு பார்க்கிறவரின் முழு வேலையும்.

தேய்மானத்தை மேடான இடங்களில் தேடுங்கள். விக்டோரியாவில் கன்னம், கிரீடத்தின் கற்கள், காதோரம் போகும் கூந்தல். எட்வர்டில் காதுக்கு மேலுள்ள முடி, புருவம், மீசை. பின்பக்கம் மேலே இருக்கும் கிரீடம். ஐந்தாம் ஜார்ஜில் கிரீடத்தின் முத்துகள், காது, தாடி, மார்பு அங்கியில் தொங்கும் சங்கிலியும் அதிலுள்ள யானையும். 1911இல் அந்த யானை பன்றி மாதிரி தெரிந்ததால் பெரிய எதிர்ப்பு வந்து, மறு ஆண்டு உருவத்தைத் திருத்தினார்கள். அந்த 1911 ரூபாயைத்தான் இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்கிறார்கள். யானையின் தும்பிக்கையும் காதும் தனித்தனியாகத் தெரிகிறதா என்பது ஜார்ஜ் ரூபாயின் தரத்துக்கு நல்ல அளவுகோல்.

மேட்டில் விவரம் மழுங்கியிருந்தால் உடனே தேய்மானம் என்று எழுதிவிடாதீர்கள். அச்சு சரியாக விழாமலும் அப்படி இருக்கும். வித்தியாசத்தை நிறமே காட்டிக்கொடுக்கும். அச்சு விழாத இடத்தின் பரப்பு கன்னிப் பரப்பு. பக்கத்துத் தளத்தில் இருக்கும் அதே மினுக்கம் அங்கும் ஓடும், டோனிங்கும் முறியாமல் தொடரும். தேய்ந்த இடத்தில் மினுக்கம் அறுந்து, மந்தமான சாம்பல் அல்லது பழுப்புத் திட்டாக நிற்கும். நிறம் ஏறிய பிறகு உரசிய காசாக இருந்தால், மேட்டில் மட்டும் நிறம் போய் வெளிறியிருக்கும்.

இதற்கப்புறம்தான் லென்சு. 5 மடங்கு போதும். 10 மடங்கு சந்தேகமான இடத்துக்கு மட்டும். 20 மடங்கு வைத்துப் பார்த்தால் எந்தக் காசும் கெட்ட காசாகத்தான் தெரியும்.

தேய்த்த காசைக் கண்டுபிடிப்பது

புளி, திருநீறு, பல்பொடி, பாத்திரம் விளக்கும் பொடி, பூந்திக்கொட்டை. இவற்றில் எதை வைத்துத் தேய்த்திருந்தாலும் துணியோ விரலோ போன திசையில் நூற்றுக்கணக்கான மயிர்க்கீறல்கள் விழுந்திருக்கும். முப்பது, நாற்பது வருடத்தில் காசு மறுபடி கருத்து அவற்றை மூடினாலும், விளக்குக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட சாய்வில் திடீரென்று எல்லாக் கீறலும் ஒன்றாக மின்னும். அந்தச் சாய்வு தாண்டினால் மறைந்துவிடும். அதனால்தான் காசை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கச் சொல்கிறோம். எழுத்துகளுக்கு இடையிலும் கிரீடத்தின் இடுக்கிலும் பழைய கருப்பு அடைந்து, திறந்த தளம் மட்டும் ஒரே சீரான வெளிர் சாம்பலாகவோ மந்த நீலமாகவோ இருந்தால் அதுவும் தேய்த்த காசின் முகம்.

ஒரு தனிக் கீறலைப் பார்த்தால் அதன் உள்நிறத்தைக் கவனியுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளிச்சிட்டால் டோனிங் ஏறிய பிறகு விழுந்தது, அண்மைக் காலத்துக் கீறல். உள்ளேயும் சுற்றுப்புறத்து நிறமே ஓடினால் பழைய கீறல். பழைய கீறலைச் சந்தை ஓரளவு மன்னிக்கும்.

விளிம்பையும் விட்டுவிடக் கூடாது. காசுமாலைக்கும் அட்டிகைக்கும் வளையம் பற்றவைத்த ரூபாய்கள் நம் பக்கத்தில் ஏராளம். பிற்பாடு ஆசாரி வளையத்தை எடுத்து அரம் போட்டிருப்பார். தலைக்கு நேர் மேலே, பக்கவாட்டு வரிகள் ஓரிடத்தில் மழுங்கியோ நிறம் மாறியோ இருந்தால் பற்று இருந்த இடம் அதுதான்.

எடையும் போட்டுப் பாருங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு போதும். ரூபாயின் தர எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நன்கு புழங்கிய காசில் சில பத்திலொரு கிராம் குறையும். கருப்பு அடர்ந்த ‘அரிய’ காசு என்று யாராவது நீட்டினால் எடை முதலில், நிறம் பிறகு. அடர்ந்த டோனிங் போலி வார்ப்பின் குமிழ்க்குழிகளை நன்றாக மறைக்கும். 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அரியது என்பதால் அதில் போலி அதிகம். நாணயம் சோதிக்கிறவரைப் பழந்தமிழ் வண்ணக்கர் என்றது. அவர்களும் தராசை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு காசை எடுத்துப் பார்ப்போம்

1919 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். எடை 11.63. முன்பக்கம் விளிம்பில் அடர்நீலம், உள்ளே ஊதா, செம்பழுப்பு, பொன், கன்னத்துக்கு அருகே வெள்ளை. வரிசை சரி. எழுத்தோரம் நிறம் பின்வாங்கியிருக்கிறது. அதுவும் சரி. சாய்த்தால் தளத்தில் சக்கரம் சுழல்கிறது. கன்னத்தின் மேலும் காதின் மேலும் வந்ததும் அறுகிறது. அங்கே இரண்டு சாம்பல் திட்டு. யானையின் தும்பிக்கை தெளிவு, கிரீடத்தின் உச்சி முத்துகள் லேசாகத் தட்டை. முகத்துக்கு எதிரே தளத்தில் 2 மில்லிமீட்டர் வெள்ளைக் கீறல் ஒன்று. பின்பக்கத்தில் நிறம் குறைவு, மினுக்கம் முழுசு. மயிர்க்கீறல் கூட்டம் எங்கும் இல்லை.

இது புழங்காத காசு இல்லை. கன்னத்திலும் காதிலும் மினுக்கம் அறுந்ததே தீர்ப்பு. ஆனால் தளத்தில் மினுக்கம் பெரும்பாலும் மிஞ்சியிருப்பதால் ஏ.யு.; அந்தப் புதுக்கீறலையும் கணக்கில் எடுத்து 53 என்று சொல்லலாம். அதே காசில் சக்கரமே சுழலாமல், தளம் முழுக்க ஒரே திசையில் மயிர்க்கீறல் மின்னியிருந்தால், வானவில் அப்படியே இருந்தாலும் ‘ஏ.யு. டீடெய்ல்ஸ், விளக்கியது’ என்றுதான் எழுத வேண்டும். “அண்ணாச்சி, கலரைப் பாருங்க” என்று விற்கிறவர் சொல்லும்போது நீங்கள் கன்னத்தைப் பாருங்கள்.

முழுக்கக் கருத்து மினுக்கமே தெரியாத காசை என்ன செய்வது? அப்படியே விடுங்கள். படலம் அவ்வளவு தடித்திருந்தால் அடியில் உலோகம் பொரிந்திருக்கக்கூடும். கடையில் விற்கும் வெள்ளி முக்கும் திரவம் அமிலமும் தயோயூரியாவும் கலந்தது. கருப்பைக் கரைக்கும், கூடவே மினுக்கத்தைத் தரும் நுண்வரிகளையும் கரைக்கும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வைத்துச் செய்யும் முறையில் உரசல் இல்லை என்றாலும், மிஞ்சுவது பெரும்பாலும் செத்த வெள்ளை.

செய்யலாம் என்று சொல்லக்கூடிய சுத்தம் ஒன்றே ஒன்று. மலிவான பி.வி.சி. ஆல்பத்தில் கிடந்த காசில் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு படிவு வரும். அது டோனிங் இல்லை, காசை அரிக்கும். ரசாயனக் கடையில் கிடைக்கும் தூய அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், காசைச் சில நிமிடம் போட்டு, வேறொரு கிண்ணத்துப் புது அசிட்டோனில் ஒரு முறை முக்கி எடுங்கள். துடைக்காமல் ஆற விடுங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்குத்திரியோ இருக்கக் கூடாது. அசிட்டோன் வெள்ளி சல்பைடைத் தொடாது. எனவே இயற்கை நிறம் அப்படியே இருக்கும். மையாலோ மார்க்கராலோ பூசிய நிறமாக இருந்தால் கிண்ணத்திலேயே கரைந்து குட்டு வெளிப்படும்.

பிறகு பி.வி.சி. இல்லாத உறையிலோ காற்றுப் புகாத வட்டக் கூட்டிலோ வைத்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டுவிடுங்கள். சாரல் மாதங்களில் பையை மாற்ற வேண்டும். அயல்நாட்டுத் தர நிறுவனத்துக்குக் காசை அனுப்ப நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மேலே பார்த்த 1919 ரூபாயும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.